பிடி அரிசிக்கு என்ன கணக்கு?

மதுரை, காஜிமார் தெரு
18 ஜூன் 1943

அண்ணன் நூருல் அமீன் அவர்களுக்குத் தங்கை பக்ருன்னிசா எழுதுவது. ஸலாம்.

சுகம் விசாரித்து இரண்டு வரி எழுதுவது முறை. இங்கே எல்லாரும் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள். முறை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று மாலை மைதீன் பீவி வந்தாள். எங்கள் தெருக்கோடியில் இடியாப்பம் அவித்து விற்கிறாளே, அவள்தான். பர்மா அரிசி வராமல் போனதிலிருந்து ஊரில் நல்ல அரிசி கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது. கீழமாசி வீதியில் ஒரு கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று யாரோ சொல்ல, ஓடிப்போய் வாங்கி வந்திருக்கிறாள். முறத்தில் கொட்டிக் காட்டினாள். பச்சரிசி, புழுங்கல், சீரகச்சம்பா, சிவப்பரிசி, நொய் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. எந்த வயலில் அண்ணே இப்படி விளைகிறது?

நாங்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து யதீம்கானாவுக்கென்று கலயத்தில் போடுகிறோமே, அந்தப் பிடி அரிசி ஒன்றுதான் இப்படி இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் மொக்கையன் வண்டியோடு வந்து வீட்டுக்கு வீடு கலயத்தைச் சாக்கில் கவிழ்த்துக்கொண்டு போகிறான். அது உங்களிடம் இருக்கும் தகப்பனை இழந்த பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகிறதென்று நாங்கள் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

மைதீன் பீவி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இந்தா பாரு பக்ரு, வெள்ளிக்கிழம நான் அள்ளிப் போட்டத வியாழக்கிழம நானே காசு குடுத்து வாங்கிட்டு வாரேன். இந்தக் கூத்து எங்கயாச்சும் உண்டா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யதீம்கானாவின் காரியதரிசி நீங்கள். எங்கள் அரிசி கடைக்கு எப்படிப் போனது? மொக்கையனிடமே இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே கொடுங்கள்.

பக்ருன்னிசா


யதீம்கானா, கீழக்குயில்குடிச் சாலை
21 ஜூன் 1943

தங்கை பக்ருன்னிசாவுக்கு துஆ ஸலாம்.

உன் கடிதம் கிடைத்தது. ஒரு காரியதரிசிக்கு இப்படிக் கடிதம் எழுதுவது முறையா என்று நீயே ஒருமுறை படித்துப் பார்த்திருக்கலாம். தங்கை என்பதால் பொறுத்துக்கொள்கிறேன்.

பிடி அரிசி பல வீட்டு அரிசி. ஒரே பானையில் போட்டால் ஒன்று குழைந்துவிடும், ஒன்று வேகாமல் விறைத்து நிற்கும். சமையல்காரர் பலமுறை முறையிட்டார். ஆகவே அதை மண்டியில் விற்று, அந்தத் தொகையை நிலையத்தின் செலவுக்கு எடுத்துக்கொள்வதென்று கமிட்டி தீர்மானித்தது. இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. நிர்வாகம் என்று ஒன்று இருக்கிறது. அது அடுப்படியிலிருந்து பார்த்தால் தெரியாது.

மேலும் ஒன்று. வருஷந்தோறும் அறிக்கை அச்சிட்டு மாதச் சந்தா கட்டுகிறவர்களுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம். கேள்வி கேட்கும் பாத்தியதை அவர்களுக்குத்தான் உண்டு. பிடி அரிசி போடுகிறவர்கள் சந்தாதாரர்கள் அல்லர். அவர்களுக்கு அறிக்கை அனுப்ப விதிகளில் இடமில்லை. அவர்களுடைய கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது.

தெருப் பெண்களைக் கூட்டி வைத்துப் பேசாதே. மாப்பிள்ளைக்கு என் ஸலாம்.

நூருல் அமீன்


காஜிமார் தெரு
25 ஜூன் 1943

அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். குடைக்குக் கம்பி மாட்டிக்கொண்டே கேட்டார். "மச்சான் நல்லாத்தான் எழுதுறாரு, ஆனா நீ கேட்டது என்ன, அவரு சொல்றது என்ன?" என்றார். அந்த மனுஷருக்கே புரிந்துவிட்டது.

அரிசி சேர்ந்து வேகாது என்கிறீர்கள். இருபது வருஷமாக வெந்த அரிசிக்கு இந்த வருஷம் என்ன வந்தது? கலந்த அரிசியை முந்தியே ஊறவைத்துப் பதம் பார்த்து வடிக்க உங்கள் சமையல்காரருக்குத் தெரியாவிட்டால், இந்தத் தெருவில் எந்தப் பெண்ணையும் கேளுங்கள். சரி, விற்றீர்கள். விற்ற காசில் பிள்ளைகளுக்கு வேறு அரிசி வாங்கினீர்களா? "நிலையத்தின் செலவுக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தச் செலவு?

எங்கள் தெரு ஹாஜராவின் மகன் உங்களிடம்தான் இருக்கிறான். அவன் தகப்பன் ரங்கூனிலிருந்து நடந்து வரும்போது வழியில் மௌத்தானது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் பையனைச் சேர்த்துக்கொண்டீர்கள். போன வாரம் ஒருநாள் லீவில் வந்தவன், சோற்றுப் பானையைச் சுரண்டித் தின்றானாம். அங்கே இரண்டு வேளையும் கேப்பைக் கஞ்சி என்று சொன்னானாம். ஹாஜரா என்னிடம் வந்து, "நான் சொன்னேன்னு சொல்லிறாதக்கா, புள்ளய வெளிய அனுப்பிருவாக" என்று அழுதாள். அவள் பெயரை எழுதிவிட்டேன். அந்தப் பையனுக்கு ஏதாவது நடந்தால் யாரைக் கேட்க வேண்டுமென்று எனக்குத் தெரியும்.

எங்கள் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது, சரி. அதை நான் உங்களிடம் கேட்கவில்லை. நாங்கள் கொடுத்தது அமானிதம், உங்களை நம்பி ஒப்படைத்த பொருள். அதைப் பற்றித்தான் கேட்கிறேன். இந்த முறை இரண்டு பக்கம் வேண்டாம். பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

பக்ருன்னிசா


யதீம்கானா
1 ஜூலை 1943

பக்ருன்னிசா,

ஒரு வரி கேட்டாய். எழுதுகிறேன். மூன்று மாதமாகப் பிள்ளைகள் கஞ்சிதான் குடிக்கிறார்கள். கேப்பைக் கஞ்சி குடித்து யாரும் செத்துப்போகவில்லை. நீயும் நானும் அத்தா கடை நொடித்த வருஷத்தில் அதைக் குடித்துத்தான் வளர்ந்தோம்.

ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு மண்டபம் எழுந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் ஓதவும் படுக்கவும் இப்போது இருப்பது ஓலைக் கொட்டகை. மழை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலையில் நிற்கிறார்கள். நாகூர் கனி சாயபு பினாங்கில் சம்பாதித்த பெரிய மனிதர், உனக்கும் தெரியும். நோன்புப் பெருநாளுக்குள் மண்டபத்தின் சுவர்கள் எழும்பி நின்றால், திறப்பு விழாவுக்கு வந்து பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பெயர் பொறிக்கச் சலவைக்கல்லும் வாங்கியாயிற்று. சுவர் எழுப்பக் கையில் பணமில்லை. நான் எத்தனை வாசல் ஏறி இறங்கினேன் என்று உனக்குத் தெரியாது. கடைசியில் கமிட்டித் தலைவரும் நானும் கூடிப் பேசி, பிடி அரிசியை விற்றுச் சுவரை எழுப்பினோம். ஒரு பைசாவைக்கூட நான் தொடவில்லை. என் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததில் பாதி அந்தச் சுவரில்தான் இருக்கிறது.

கட்டடம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் பணக்காரன் மடியை அவிழ்ப்பான். பிள்ளையின் வயிறு நிறைந்திருப்பதை எவன் வந்து பார்க்கிறான்? நாலு மாதம் கஞ்சி குடித்தால் நாற்பது வருஷம் சோறு. இந்தக் கணக்கு உனக்குப் புரியும், நீ முட்டாள் அல்ல. இதை வெளியில் சொல்லாதே. சொன்னால் எல்லாம் கெட்டுவிடும்.

நூருல் அமீன்


காஜிமார் தெரு
9 ஜூலை 1943

அண்ணன் அவர்களுக்கு,

நீங்கள் காசைத் தொட்டிருப்பீர்கள் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அப்படி நினைத்திருந்தால் கடிதம் எழுதியிருக்க மாட்டேன், நேரே வந்திருப்பேன். மகளின் கல்யாணப் பணத்தைப் பற்றி எழுதிய வரியை இரண்டு தடவை படித்தேன். அது வேறு, இது வேறு.

வெளியில் சொல்லாதே என்றீர்கள். கொடுத்தவர்கள் வெளியாரா? போன வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு ஆண்கள் போயிருந்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்து உங்கள் கடிதத்தைப் படித்தேன். மகள் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

ஆளுக்கொரு பேச்சு. மண்டபம் நல்லதுதானே என்று சிலர். நம்மைக் கேட்காமல் எப்படிச் செய்யலாம் என்று பலர். மைதீன் பீவி எழுந்து நின்றுகொண்டாள். "கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன், கட்டுங்கப்பான்னு. கேக்கலையே! நான் ஒருநா ஒருவேள பட்டினி கெடந்தும் அந்தப் பிடிய நிறுத்துனதில்ல. எதுக்கு? எம் பேரு தெரியாத ஒரு பய திங்கணும்னுதான். செவுரு திங்கிறதுக்கா?"

இனிமேல் ஒரு மணி அரிசிகூடப் போடுவதில்லை என்று ஏழெட்டுப் பேர் கிளம்பிவிட்டார்கள். அப்போது ஹாஜரா, "நிறுத்துனா எம்புள்ள நாளைக்குக் கஞ்சிக்கும் வழியில்லாமப் போயிருவானே" என்றாள். கிளம்பியவர்கள் மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள். நீங்கள் எங்களை நிறுத்தி வைத்திருக்கும் இடம் அதுதான் அண்ணே. கொடுத்தாலும் சுவருக்குப் போகிறது, கொடுக்காவிட்டால் பிள்ளை வயிற்றில் அடி விழுகிறது.

நாற்பது வருஷச் சோற்றுக்கு நாலு மாதக் கஞ்சி என்று கணக்குப் போட்டீர்கள். கஞ்சி குடிக்கிறவனையும் கேட்கவில்லை, அரிசி கொடுத்தவளையும் கேட்கவில்லை. அத்தா நொடித்தபோது நாம் கஞ்சி குடித்தது நிஜம். ஆனால் அத்தா நம்மை உட்காரவைத்துச் சொல்லிவிட்டுத்தான் கஞ்சி ஊற்றினார்.

நாங்கள் ஒரு முடிவு செய்திருக்கிறோம். பயப்படாதீர்கள், அரிசி நிற்காது. ஒரு பிடியும் குறையாது. வண்டியை அனுப்புங்கள்.

பக்ருன்னிசா


யதீம்கானா
26 ஜூலை 1943

பக்ருன்னிசா,

என்ன காரியம் செய்தாய்!

மொக்கையன் வழக்கம்போல் சாக்குகளை நேராக மண்டியில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறான். நானும் அங்கே இருந்தேன். வியாபாரி சாக்கை அவிழ்த்துக் கையை விட்டான். கை முழுக்க மஞ்சள். அடுத்த சாக்கை அவிழ்த்தான், அதுவும் மஞ்சள். எல்லாச் சாக்கும் மஞ்சள். கூலியாட்களும் சரக்கு வாங்க வந்தவர்களும் கூடிவிட்டார்கள். அவன் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "என்ன சாயபு, அட்சத கொண்டாந்திருக்கீக? மாப்ள எங்க, பொண்ணு எங்க? சொல்லியிருந்தா மேளத்துக்குச் சொல்லிவிட்டிருப்பேன்ல" என்றான். அம்பாரத்தின் மேல் உட்கார்ந்திருந்த பயல்கள்கூடச் சிரித்தார்கள். இந்த ஊரில் நான் தலைகுனிந்து நடந்தது அன்றுதான்.

அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று பார்த்தேன். அடுத்த வாரமும் மஞ்சள். உன் தெரு மட்டுமல்ல, வண்டி போகிற எல்லாத் தெருவும். மண்டியில் இனி என் சாக்கையே அவிழ்க்க மாட்டார்களாம். மேஸ்திரிக்குக் கூலி கொடுக்கவில்லை. சுவர் தலையளவில் நிற்கிறது.

தலைவர் கொதித்துப் போயிருக்கிறார். கலயங்கள் யதீம்கானா வாங்கிக் கொடுத்தவை. மஞ்சள் தடவாத அரிசி வராவிட்டால் கலயங்கள் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொள்வோம். இது கமிட்டியின் உத்தரவு. அண்ணனாக நான் சொல்வது ஒன்று உண்டு. இனி என் கால் உன் வாசலை மிதிக்காது.

நூருல் அமீன்


காஜிமார் தெரு
30 ஜூலை 1943

அண்ணன் அவர்களுக்கு,

மண்டியில் உங்களைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று படித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வியாபாரி என் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன். ஆனால் அந்தச் சாக்கை அங்கே தூக்கிக்கொண்டு போனது நானில்லை.

யோசனை எனதும் அல்ல. எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஜானு அம்மாள் இருக்கிறாள், பள்ளிக்கூட வாத்தியார் பெண்டாட்டி. அவளும் இத்தனை வருஷமாகச் சுவருக்கு மேலே கை நீட்டி ஒரு பிடி போடுகிறவள்தான். விஷயத்தைச் சொன்னேன். "இதுக்குப் போயி இம்புட்டு யோசனையா? மஞ்சளத் தடவிக் குடுங்க. தின்னலாம், விக்க முடியாது" என்றாள். அவள் வீட்டு விசேஷங்களில் அப்படி எத்தனையோ படி அரிசியைப் பிசைந்திருக்கிறாள். மஞ்சளை இழைத்து, ஒரு பிடி அரிசியில் பிசறி, நிழலில் உலர்த்திக் கலயத்தில் போட வேண்டும். எங்கள் கைகளைப் பார்த்தால் இப்போது ஊரே கல்யாண வீடுதான்.

மஞ்சள் சோறு தின்றால் பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யாது. மண்டிக்காரனுக்குத்தான் செரிக்காது. விற்க முடியாமல் போன சாக்கு எங்கே போனதென்று நீங்கள் எழுதவில்லை. மொக்கையன் சொன்னான்: "ஆத்தா, அன்னைக்கு அங்க உல வச்சாக பாரு, பயலுக பிரியாணின்னு நெனச்சுப் பறந்துட்டானுக. கறி எங்கன்னு தேடுறானுக." சொல்லிவிட்டு அவன் சிரித்தான். நான் உள்ளே போய் அழுதுவிட்டு வந்தேன்.

கலயத்தை எடுத்துக்கொள்வீர்களா? தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். கலயம் உங்களுடையது, கை எங்களுடையது.

வாசலை மிதிக்க மாட்டேன் என்று எழுதிவிட்டீர்கள். அத்தா மௌத்தான பிறகு எனக்குத் தகப்பன் வீடு என்றால் நீங்கள்தான். அதை நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினீர்களா? ஆனாலும் மஞ்சள் நிற்காது.

பக்ருன்னிசா


யதீம்கானா
30 ஆகஸ்ட் 1943

பக்ருன்னிசா,

கலயங்களை எடுத்து வர மொக்கையனை அனுப்பியதற்கு அவன் வெறும் வண்டியோடு திரும்பி வந்தான். "எல்லா வீட்லயும் கலயம் ஒடஞ்சு போச்சாம் சாயபு" என்றான். எல்லா வீட்டிலுமா என்றேன். "ஆமா, ஒரே நாள்ல" என்றான், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். ஆனால் அடுத்த வெள்ளியும் அரிசி வந்தது, முறத்திலும் முந்தானையிலும். உங்களோடு என்னால் மல்லுக்கட்ட முடியவில்லை.

தலைவரிடம் சொல்லிவிட்டேன். அரிசி இப்போது சமையலுக்குத்தான் போகிறது. பிள்ளைகள் சோறு சாப்பிடுகிறார்கள். நீ கேட்டது கிடைத்துவிட்டது. சுவரைக் கடன் வாங்கி எழுப்பிக்கொண்டிருக்கிறேன், அதற்கு என் வீட்டை அடமானம் வைத்திருக்கிறேன். பெருநாள் முடிந்து அக்டோபர் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நாகூர் கனி சாயபு வருகிறார். அவர் தரும் பத்தாயிரத்தில் கடனை அடைத்துக் கூரையும் போட்டுவிடலாம்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அன்று ஒருநாள் சும்மா இரு. வேறொன்றும் வேண்டாம்.

நூருல் அமீன்


காஜிமார் தெரு
3 செப்டம்பர் 1943

அண்ணன் அவர்களுக்கு,

நோன்பு தொடங்கிவிட்டது. பிள்ளைகளின் கஞ்சிக்கு வெந்தயமும் பூண்டும் இந்த அரிசியோடு அனுப்பியிருக்கிறோம். இந்தக் கஞ்சியில் எங்களுக்குச் சண்டையில்லை.

வீட்டை அடமானம் வைத்ததை நீங்கள் எழுதும் முன்பே மதினி சொல்லிவிட்டார். நீங்கள் கெட்டவர் என்றால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

சும்மா இருக்கச் சொல்கிறீர்கள். இருக்கிறேன். அதற்கு நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். விழாவில் கொடுத்தவர்கள் பெயரையும் தொகையையும் நீங்கள் வாசிப்பீர்கள். அந்தப் பட்டியலில் பிடி அரிசியும் வரவேண்டும். இந்த வருஷம் எவ்வளவு வந்தது, அதில் பிள்ளைகள் தின்றது எவ்வளவு, சுவரானது எவ்வளவு என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். திரைக்குப் பின்னால் நாங்கள் உட்கார்ந்து கேட்போம். எந்தப் பெண்ணின் பெயரும் வேண்டாம். நாங்கள் கொடுத்தது என்ன ஆனதென்று எங்கள் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஒன்றைச் செய்யுங்கள். செய்யாவிட்டால் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மனசறிந்து பொய் வாக்குக் கொடுக்க எனக்குத் தெரியாது.

பக்ருன்னிசா


யதீம்கானா
12 அக்டோபர் 1943

பக்ருன்னிசா,

நேற்று முன்தினம் நடந்ததை நீ திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாய். முன்னாலிருந்து எப்படி இருந்ததென்று தெரிந்துகொள்.

உங்கள் கூண்டு வண்டிகள் வரிசையாக வந்து நின்றபோதே நீ சும்மா இருக்க மாட்டாய் என்று தெரிந்துவிட்டது. நாகூர் கனி சாயபு மாலையோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் பொறித்த சலவைக்கல்லைப் பட்டுத்துணியால் மூடி வைத்திருந்தோம். நான் பட்டியலை வாசித்தேன். உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. தலைவர் கூடாது என்று சொல்லிவிட்டார். நானும் கடைசிப் பெயர்வரை வாசித்துவிட்டுக் காகிதத்தை மடித்தேன்.

"அண்ணே, பிடி அரிசிக்கு என்ன கணக்கு?"

உன் குரல் எனக்குத் தெரியாதா? இதற்கு முன்னால் அந்தக் குரல் எந்தச் சபையிலும் எழுந்ததில்லை. கூட்டம் முழுக்கத் திரைப்பக்கம் திரும்பியது. நாகூர் கனி சாயபு, "யாரு அது?" என்றார். தலைவர் என் காதில், "புத்தி சரியில்லாத பொம்பளைன்னு சொல்லிருங்க" என்றார்.

அதைச் சொல்லியிருந்தால் பத்தாயிரம் கிடைத்திருக்கும். சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுந்து நின்று, "குடுத்தவுக கேக்குறாக" என்றேன். அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை. அரிசியை விற்றதையும், பிள்ளைகள் கஞ்சி குடித்ததையும், அந்தச் சுவரில் பாதி உங்கள் அடுப்படியிலிருந்து வந்ததையும் சொல்லி முடித்தேன்.

அவர் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். "பொம்பளைக எந்திரிச்சுக் கணக்குக் கேக்குற எடத்துல எம் பேரு வேணாம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். தலைவரும் ராஜிநாமா கொடுத்துவிட்டார்.

மண்டபத்துக்குக் கூரையில்லை. ஐப்பசி மழை வரப்போகிறது. என் வீட்டின் மேல் கடன் நிற்கிறது. யார் பெயரையோ பொறித்த கல் ஒன்று மூலையில் கிடக்கிறது. இப்போது உனக்குத் திருப்திதானே?

நூருல் அமீன்


காஜிமார் தெரு
15 அக்டோபர் 1943

அண்ணன் அவர்களுக்கு,

திருப்தி இல்லை. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. உங்கள் வீட்டை நினைத்து அழுதேன், கொட்டகையில் ஒழுகப்போகும் மழையை நினைத்து அழுதேன். ஆனால் கேட்டதற்காக வருந்தவில்லை. இன்னொரு தடவை அதே இடத்தில் உட்காரவைத்தாலும் அதையேதான் கேட்பேன்.

பத்தாயிரம் நான் கேட்டதால் போகவில்லை அண்ணே. கேள்வியைப் பொறுக்க முடியாதவரிடம் இருந்த பணம் அது. இன்றில்லாவிட்டால் நாளைக்கு வேறொரு கேள்விக்குப் போயிருக்கும். அவர் கல்லில் பெயர் வேண்டுமென்றார், எங்களில் ஒருத்தியும் பெயர் கேட்கவில்லை.

நீங்கள் எழுந்து நின்று சொன்னீர்களே, அப்போது திரைக்குப் பின்னால் என்ன நடந்ததென்று உங்களுக்குத் தெரியாது. மைதீன் பீவி என் கையைப் பிடித்து நெரித்துவிட்டாள். "ஒங்கண்ணன் ஆம்பளடி" என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே கத்த வேண்டும்போல இருந்தது, இவர் என் அண்ணன் என்று.

இனி நடக்க வேண்டியதைப் பேசுவோம். வீடுகளில் பேசிவிட்டோம். கூரைக்கு வேண்டியதை நாங்கள் கேட்டு வாங்குகிறோம், தெரிந்து கொடுக்கிறோம். ஜானு அம்மாளின் வீட்டுக்காரர் அவருடைய பள்ளிக்கூடத்தில் சொல்லி மூங்கிலுக்கு ஏற்பாடு செய்கிறார். உங்கள் மாப்பிள்ளை ஓடு விற்கும் ஒருவரிடம் தவணை பேசியிருக்கிறார். மழைக்கு முன் பாதியாவது மூடிவிடலாம். உங்கள் கடனையும் ஒரே நாளில் இல்லாவிட்டாலும் சேர்ந்து அடைப்போம். அதில் உங்கள் பங்கு எவ்வளவு, கமிட்டியின் பங்கு எவ்வளவு என்று மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பதிலுக்கு இரண்டு கேட்கிறோம். அந்தச் சலவைக்கல்லைத் திருப்பிப் பதியுங்கள். நாகூர் கனி சாயபு பெயர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும். பின்புறம் வழவழப்பாகத்தானே இருக்கும்? வந்தது என்ன, பிள்ளைகள் தின்றது என்ன, வேறெதற்காவது எடுத்தது என்ன என்று வாராவாரம் கரியால் அதில் எழுதுங்கள். சாலையில் போகிற யாரும் படிக்கலாம். அடுத்த வாரம் கழுவிவிட்டுப் புதிதாக எழுதலாம்.

இரண்டாவது, மைதீன் பீவி கேட்பது. "எனக்கு எழுத்துத் தெரியாது. கல்லுல எழுதுனா நான் தடவியா பாக்குறது? இங்க வந்து வாசிக்கச் சொல்லு" என்கிறாள். நியாயம்தானே? வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா முடிந்ததும் நம் தெருவில் நின்று காரியதரிசி அந்தக் கணக்கை வாசிக்க வேண்டும்.

பக்ருன்னிசா


யதீம்கானா
20 அக்டோபர் 1943

பக்ருன்னிசா,

கல்லைத் திருப்பிப் பதித்தாயிற்று. கொத்தன் இரண்டு தடவை கேட்டான், "பேரு உள்ளுக்கப் போயிருமே, பரவாயில்லையா" என்று. முதல் வாரக் கணக்கை நானே எழுதினேன். ஹாஜராவின் மகன் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, தான் தின்ற சோறும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டான். சேர்ந்திருக்கிறது என்றேன்.

மூங்கில் வந்து சேர்ந்தது. மாப்பிள்ளைக்கு என் ஸலாம் சொல்.

ஆனால் அந்த இரண்டாவது விஷயம் என்னால் ஆகாது. ஒரு காரியதரிசி தெருவில் நின்றுகொண்டு ஏலம் விடுகிறவனைப்போல் கத்துவதா? வேறு யாரையாவது அனுப்புகிறேன். மேலும், உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று நான் எழுதியதை நீ மறந்திருக்க மாட்டாய். எழுதியதை மாற்றுகிற பழக்கம் எனக்கில்லை.

நூருல் அமீன்


காஜிமார் தெரு
21 அக்டோபர் 1943

அண்ணன் அவர்களுக்கு,

வேறு யாரும் வேண்டாம். எங்கள் அரிசியை விற்றவர் நீங்கள், சபையில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னவரும் நீங்கள். உங்கள் வாயால் கேட்டால்தான் மைதீன் பீவி நம்புவாள்.

எழுதியதை மாற்ற வேண்டாம். உங்கள் கால் என் வாசலை மிதிக்கத் தேவையில்லை. கணக்கைத் தெருவில் நின்றே வாசிக்கலாம், தெரு சர்க்காருடையது. நாளைக்கு ஜும்மா முடிந்ததும் கதவுகளுக்குப் பின்னால் எல்லாரும் காத்திருப்போம். உரக்க வாசியுங்கள், மைதீன் பீவிக்குக் காது மந்தம்.

வாசித்து முடிக்கும்போது தொண்டை வறண்டுவிடும். கணக்குச் சரியாக இருந்தால் உள்ளே தேங்காய்ப்பாலும் இடியாப்பமும் இருக்கிறது, வாசலைத் தாண்டுவது உங்கள் பாடு. சரியாக இல்லாவிட்டால் ஒரு செம்புத் தண்ணீர் தெருவுக்கே வரும். குடித்துவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்து வாசியுங்கள்.

பக்ருன்னிசா